கீதம் ஒலிக்கும்போது எழுந்திருக்காதவரை மைதானத்தை விட்டு அனுப்பலாமா?

கமிட்டி_சாட்ஸ்வர்த் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஈஸ்டர் வார இறுதியில் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இரண்டு நாள் கால்பந்துப் போட்டி. நகராட்சி மைதானம், வாடகைக்கு. உள்ளூர் அணிகள் பத்து, மொரீஷியஸிலிருந்து ஒன்று, ரீயூனியனிலிருந்து ஒன்று. டிக்கெட் 40 ராண்ட், சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம். முதல் நாள் காலை குத்துவிளக்கு, ஒரு தேவாரம், மூன்று நாட்டுக் கீதங்கள், அப்புறம் ஆட்டம்.

டிக்கெட்டின் பின்புறம் அச்சடிக்கிற விதிகளில்தான் இப்போது இழுபறி. ஒருவர் எழுதிக் கொண்டுவந்த வரி: "தேசிய கீதம் ஒலிக்கும்போது பார்வையாளர் அனைவரும் எழுந்து நிற்க வேண்டும். மறுப்பவர் வெளியேற்றப்படுவார். டிக்கெட் பணம் திருப்பித் தரப்படாது." கமிட்டியில் பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். நம் பகுதியில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன, அவர்களில் பலர் எந்த நாட்டுக் கீதத்துக்கும் எழுவதில்லை. நம் கீதத்தில் பழைய நிறவெறிக் காலக் கீதத்திலிருந்து வந்த ஆஃப்ரிகான்ஸ் வரிகள் தொடங்கியதும் வேண்டுமென்றே உட்கார்ந்துவிடுகிற இளவட்டங்களும் உண்டு. முழங்கால் வலியோடு வரும் பாட்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டப்படி இந்த விதி செல்லுமா? செல்லாது என்றால் எதை எழுதலாம்? மைக்கில் என்ன அறிவிப்பது, கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்டுகளுக்கு என்ன சொல்லி நிறுத்துவது? வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

சட்டப்புள்ளி (பதில் 1)

அந்த வரியை அப்படியே அச்சடிக்காதீர்கள்.

கீதத்துக்கு எழாமல் உட்கார்ந்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் தென்னாப்பிரிக்காவில் கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தேசிய கீதம் எது என்பதை ஜனாதிபதி பிரகடனம் செய்வார் என்பதோடு நிற்கிறது. அதன்படிதான் 1997இல் இன்றைய ஒருங்கிணைந்த கீதம் வந்தது. அரசு தரும் நெறிமுறை "எழுந்து நில்லுங்கள்" என்கிறது. அது மரியாதைக்குச் சொன்னது, தண்டனை எதுவும் அதில் இல்லை.

"எங்கள் நிகழ்ச்சி, எங்கள் விதி" என்று கமிட்டியில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அதற்கு மூன்று இடத்தில் முட்டுக்கட்டை விழும். மைதானம் நகராட்சியுடையது. நகராட்சி அரசின் உறுப்பு, உரிமைகள் சாசனம் அதை நேரடியாகக் கட்டும். வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள், பாகுபாடு கூடாது என்ற நிபந்தனை அதிலேயே இருக்கக்கூடும். இரண்டாவது, 2000ஆம் ஆண்டின் 4ஆம் எண் சமத்துவச் சட்டம். இது அரசை மட்டுமல்ல, எல்லோரையும் கட்டும், உங்கள் கமிட்டியையும். மதம், மனச்சாட்சி, நம்பிக்கை, பண்பாடு, மாற்றுத்திறன் எல்லாம் அதில் பெயர் சொல்லிப் பாதுகாக்கப்பட்டவை. மூன்றாவது, 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் 48ஆம் பிரிவு நியாயமற்ற நிபந்தனைகளைத் தடுக்கிறது. காசு வாங்கி உள்ளே விட்டுவிட்டு, உட்கார்ந்திருந்தார் என்பதற்காகக் காசையும் வைத்துக்கொண்டு ஆளையும் வெளியே தள்ளுகிற வரியை அந்தப் பிரிவின் முன் வைத்துக் காப்பாற்றுவது கடினம்.

சமத்துவச் சட்டத்தில் பலர் கவனிக்காதது 13ஆம் பிரிவு. புகார் சொல்பவர் மேலோட்டமாக ஒரு பாகுபாட்டைக் காட்டினால் போதும். அது நடக்கவில்லை என்றோ, நடந்தாலும் நியாயமானது என்றோ நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலைக்கு வந்துவிடும். புகார் கொடுக்க அவர் உயர்நீதிமன்றம் போக வேண்டாம், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டே சமத்துவ நீதிமன்றமாக உட்காரும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஒரு யெகோவாவின் சாட்சிக் குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டு, அங்கே போய் "அது நியாயம்தான்" என்று எதைக் காட்டுவீர்கள்? அவர்கள் உட்கார்ந்திருந்ததால் ஆட்டம் நின்றதா, யாருக்காவது அடிபட்டதா?

நம் ஊர் முன்மாதிரியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டர்பன் பெண்கள் உயர்நிலைப்பள்ளி மூக்குத்தி வழக்கு, 2007இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்த்தது, பிள்ளை வழக்கு என்று சட்டக்காரர்கள் சொல்வது. மூக்குத்தி மதக் கட்டளை இல்லையே, விருப்பப் பழக்கம்தானே என்பது எதிர்த்தரப்பு வாதம். தலைமை நீதிபதி லாங்கா எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. கட்டாயமான வழக்கத்துக்கு மட்டுமல்ல, ஒருவர் மனமார ஏற்றுக்கொண்ட வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு, பள்ளி விலக்கு கொடுத்திருக்க வேண்டும் என்றது. சீருடை விதி பொதுவாக நியாயமானதுதான் என்று ஒத்துக்கொண்டே அப்படிச் சொன்னது என்பதைக் கவனியுங்கள். விதி நல்லதா என்பதோடு கேள்வி முடியவில்லை. இந்த ஓர் ஆளுக்கு விலக்குக் கொடுத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்றும் கேட்டார்கள். நம் வீட்டுப் பெண்ணின் மூக்குத்திக்குக் கிடைத்த அதே நியாயத்தைத்தான் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார்.

இன்னொரு நுணுக்கம், அத்துமீறல் சட்டம், 1959இன் 6ஆம் எண். உட்கார்ந்திருப்பது குற்றமில்லை. ஆனால் இடத்தை நடத்துபவர் அனுமதியைத் திரும்பப் பெற்ற பிறகும் போகாமல் நின்றால் அது குற்றம் ஆகலாம். கமிட்டிகள் வழுக்கி விழுவது இங்கேதான். "போ என்றோம், போகவில்லை, போலீஸைக் கூப்பிட்டோம்" என்று ஒன்றுமில்லாததை ஒரு கைது வரை வளர்த்துவிடுவார்கள். முதலில் "போ" என்று சொன்னதற்குச் சரியான காரணம் இல்லையென்றால் பின்னால் அடுக்கிய அத்தனையும் உங்கள் மேலேயே சரியும். ஸ்டூவர்டு கையைப் பிடித்து இழுத்திருந்தால் அது தாக்குதல் புகார். அது தனிக் கணக்கு.

நீலக்கொடி (பதில் 2)

சட்டமெல்லாம் சரி அண்ணா. கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், யாராவது உரிமை என்று கோர்ட்டுக்குப் போகிறார்களா? கீதத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. எழுந்து நின்றால் நம்பிக்கை கரைந்துவிடுமா? இந்தியாவில் சினிமா தியேட்டரிலேயே நிற்க வைத்தார்களே.

சட்டப்புள்ளி (பதில் 3)

நீலக்கொடி தம்பி, இந்திய உதாரணத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். தியேட்டரில் கீதம் கட்டாயம் என்று உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது 2016 நவம்பர் 30. அதே நீதிமன்றம் 2018 ஜனவரி 9 அன்று, போடுவதும் போடாததும் தியேட்டர்காரர் விருப்பம் என்று மாற்றிவிட்டது. அதற்கு முன்பே 1986இல் கேரள வழக்கு ஒன்று இருக்கிறது, பிஜோ இம்மானுவேல் வழக்கு. கீதம் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று யெகோவாவின் சாட்சிப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன தீர்ப்பு. இதையும் பலர் தப்பாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாயைத்தான் திறக்கவில்லை. ஆகவே பாடாமல் இருக்கும் உரிமைக்கு அது நேரடிச் சான்று, எழாமல் இருப்பதற்கு அல்ல. நம் கேள்விக்கு அது பாதித் தூரம்தான் வரும்.

அமெரிக்காவில் 1943இல் பார்னெட் வழக்கு, பள்ளியில் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. விளையாட்டு மைதானத்துக்கு நெருக்கமானது 2008இல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்தது. அங்கே ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் ஒரு தேசபக்திப் பாட்டு போடுவார்கள். அது ஓடும்போது ஒரு ரசிகர் கழிப்பறைக்குப் போக எழுந்தார், போலீஸார் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். வழக்கு 2009இல் சமரசத்தில் முடிந்தது. நகரம் அவருக்கு 10,001 டாலரும் வழக்குச் செலவுக்கு 12,000 டாலரும் கொடுத்தது. பாட்டின்போது நடமாடக் கூடாது என்று தங்களிடம் விதி எதுவும் இல்லை என்று கிளப் சொல்லிவிட்டது. எழுதாத விதியை யூனிஃபார்ம்காரர்கள் நடைமுறைப்படுத்தினார்கள், காசு கட்டியது நகரம்.

செருப்பு உதாரணம் இங்கே பொருந்தாது. கோயில் வழிபாட்டுக்கு என்றே இருக்கிற இடம், வழிபாட்டு முறையை ஏற்றுத்தான் உள்ளே போகிறோம். 40 ராண்ட் கொடுத்து வருகிறவர் பந்தாட்டம் பார்க்க வருகிறார். இதில் இன்னொன்றும் இருக்கிறது. நம் கீதம் 1897இல் இனோக் சொன்டோங்கா இயற்றிய பாடலில் தொடங்குகிறது, "இறைவா, ஆப்பிரிக்காவுக்கு அருள்வாய்" என்ற வேண்டுதல் அது. சோத்தோ மொழி வரிகளும் ஆண்டவரைத்தான் அழைக்கின்றன. கொடிக்கு மரியாதை என்று நீங்கள் நினைப்பது வேறு ஒருவருக்குப் பிரார்த்தனையாகக் கேட்கிறது. அவர் சொல்லும் மத மறுப்பைச் சாக்கு என்று தள்ள முடியாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

கேள்வி கேட்டவர் கவனிக்க: அதே காலையில் குத்துவிளக்கும் தேவாரமும் வைத்திருக்கிறீர்கள். கீதத்துக்கு எழாதவரை வெளியேற்றும் கமிட்டி, தேவாரத்துக்கு எழாத முஸ்லிம் குடும்பத்தை, பெந்தெகொஸ்தே தமிழரை என்ன செய்யும்? ஒன்றுக்குக் கட்டாயம், மற்றதற்கு விருப்பம் என்றால் அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியவரும் நீங்களே.

மைக்_மாமா (பதில் 4)

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் தகராறில் முக்கால்வாசியை மைக்கிலேயே தீர்த்துவிடலாம்.

அறிவிப்பில் "அனைவரும் எழுந்து நிற்கவும்" வேண்டாம். "தேசிய கீதங்களுக்காக எழுந்து நிற்குமாறு அழைக்கிறோம்" என்று சொல்லுங்கள். சுலுவில் "சிசெலா நிசுகுமே" என்பது வழக்கம். "சிசெலா" என்றாலே "கேட்டுக்கொள்கிறோம்" என்றுதான் பொருள், அந்த மொழியில் பணிவு தானாகவே வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் தமிழிலும்தான் நாம் அதிகாரமாகிவிடுகிறோம். "விரும்புகிறவர்கள் மட்டும்" என்று சேர்க்காதீர்கள். அது உட்காருகிறவரை எல்லோரும் திரும்பிப் பார்க்க வைக்கும். அழைத்துவிட்டு விடுங்கள்.

வரிசை: விருந்தினர் கீதம் முதலில், நம்முடையது கடைசியில். மொரீஷியஸ் கீதம் ரொம்பச் சின்னது, ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும், கூட்டம் எழுந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ரீயூனியன் பிரான்சின் மாகாணம், அதனால் அவர்களுக்கு லா மார்செயேஸ், முதல் சரணமும் பல்லவியும் போதும். மூன்றுக்கும் இடையில் தனித்தனி அறிவிப்பு வைக்காதீர்கள். தொடக்கத்தில் ஒரே அறிவிப்பு, பிறகு ஒவ்வொன்றுக்கும் நாட்டின் பெயர் மட்டும். நடுவில் பேசினால் ஜனம் உட்கார்ந்து உட்கார்ந்து எழும், பாட்டிகள் முதல் கீதத்தோடு ஓய்ந்துவிடுவார்கள்.

எது கெடும் என்றால், முதலில் ஃபைல். 1994இல் நமக்கு இரண்டு கீதங்கள் தனித்தனியாக இருந்தன. அந்தக் காலத்து ஒலிப்பதிவுகள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. இறக்கியதை முழுதாகக் கேட்டுப் பாருங்கள், கோசா, சுலு, சோத்தோ, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் ஐந்தும் இருக்க வேண்டும். சோத்தோ வரிகள் முடிந்ததும் சுருதி மாறும், ஜி மேஜரிலிருந்து டி மேஜருக்கு. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அந்த இடத்தில் ஒலியைக் குறைக்கும் ஆப்பரேட்டர்கள் இருக்கிறார்கள். அங்கே ஸ்லைடரில் கை பட்டால் ஆஃப்ரிகான்ஸ் பகுதியை வேண்டுமென்றே வெட்டியதாகத்தான் படும். அந்தப் பகுதியை நீக்க வேண்டும் என்று ஈஎஃப்எஃப் கட்சி வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் லேப்டாப் கோளாறை யாரும் கோளாறு என்று நம்பப் போவதில்லை.

2024 நவம்பர் 8 அன்று கிங்ஸ்மீடில் இந்தியாவுக்கு எதிரான முதல் டி20 தொடங்கும் முன் இந்தியக் கீதம் நடுவில் நின்றுபோனது. அவ்வளவு பெரிய மைதானத்திலேயே அது நடந்தது. ஆகவே இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். மூன்று ஃபைலும் லேப்டாப்பிலேயே இருக்க வேண்டும். வைஃபை அணைத்து, அறிவிப்பு ஒலிகளை அணைத்து, "அடுத்த பாட்டு தானாக ஓடும்" என்பதையும் அணைத்துவிடுங்கள். அதே மூன்றும் ஒரு ஃபோனில், ஃபோன் மிக்ஸரின் இரண்டாவது சேனலில் கேபிளோடு தயாராக. கீதம் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கூட்டம் பாடிக்கொண்டே போகும், மைக்கைத் திறந்து அவர்களோடு சேர்ந்து முடித்துவிடுங்கள்.

நேரில் யாராவது பாடுகிறார் என்றால் ஒலித் தாமதத்தை மறக்காதீர்கள். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் பாடகரின் காதுக்குக் கால் வினாடிக்கு மேல் பிந்தி வரும். அதைக் கேட்டு அவர் இழுக்க, கூட்டம் இன்னும் இழுக்க, கீதம் ஜவ்வாகிவிடும். பாடகர் காலடியில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வையுங்கள், தொடக்கச் சுருதியைக் கீபோர்டில் கொடுத்துவிட்டுப் பாட விடுங்கள். உயரத்தில் பிடித்தால் பிற்பகுதியில் தொண்டை நிற்காது. 2009இல் துலூஸில் பிரான்சுக்கு எதிரான ரக்பி ஆட்டத்துக்கு முன் ராஸ் துமிசானி நம் கீதத்தைச் சுருதி தப்பிப் பாடியது ஞாபகம் இருப்பவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம்.

மஞ்சள்_ஜாக்கெட் (பதில் 5)

ஸ்டூவர்டு பக்கம் யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

முதலில் பார்க்க வேண்டியது மைதானத்தின் சான்றளிக்கப்பட்ட கொள்ளளவு. 2,000 அல்லது அதற்கு மேல் என்றால் 2010ஆம் ஆண்டின் 2ஆம் எண் விளையாட்டு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். உங்களுக்கு எத்தனை டிக்கெட் விற்கும் என்பது வேறு கணக்கு. சட்டம் பொருந்தினால் போலீஸின் ஆபத்து வகைப்பாடு வேண்டும், திட்டக் கமிட்டிக் கூட்டம் நடத்த வேண்டும், நிகழ்ச்சி நாளில் மைதானத்துக்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டு அறை இயங்க வேண்டும். 2001 ஏப்ரல் 11 அன்று ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் சீஃப்ஸ், பைரட்ஸ் கால்பந்து ஆட்டத்தில் 43 பேர் நெரிசலில் இறந்த பிறகு வந்த சட்டம். பார்வையாளரை விலக்கி வைக்கும் அதிகாரம் அதில் உண்டு, ஆனால் அது பாதுகாப்புக்காகக் கொடுத்த அதிகாரம். உட்கார்ந்திருப்பவர் யாருக்கும் ஆபத்து இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், கீதத்தின்போது ஸ்டூவர்டு நடைபாதையை அடைத்து நிற்கவே கூடாது. மேலே சொன்ன யாங்கி ஸ்டேடியத்தில் பாட்டு நேரத்தில் நடைபாதைக்குக் குறுக்கே சங்கிலி கட்டும் வழக்கம்கூட இருந்தது. நம் ஊரில் அப்படிச் செய்தால் அந்த நேரம் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது என்று வையுங்கள், முதலுதவிக்காரர் எந்த வழியாக வருவார்? கீதம் நடக்கும்போதும் கழிப்பறைக்குப் போகலாம், வரலாம். வாயில்களில் புதிதாக நுழைபவரை மட்டும் "இரண்டு நிமிடம் இங்கேயே நில்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ளலாம், மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும்.

ஸ்டூவர்டு கீதத்துக்குக் கொடியைப் பார்த்து நிற்கக் கூடாது, கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். காலையில் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பிரச்சினை உட்கார்ந்திருப்பவரிடமிருந்து வராது, அவருக்குப் பின்வரிசையில் நிற்பவரிடமிருந்து வரும். முதுகில் தட்டுவார், தொப்பியைப் பிடுங்குவார், குவளையிலிருந்து "தெரியாமல்" குளிர்பானம் சிந்தும். அதனால் உட்கார்ந்திருப்பவரை நோக்கிப் போகாதீர்கள், பின்வரிசைக்குப் போய் நில்லுங்கள். ஸ்டூவர்டு பக்கத்தில் வந்து நின்றாலே பாதிச் சூடு இறங்கிவிடும். பேச வேண்டியிருந்தால் கீதம் முடிந்த பிறகு, இருக்கை உயரத்துக்குக் குனிந்து, சத்தமில்லாமல். நடுவில் பேசினால் நீங்களே கீதத்தைக் குலைத்தவராகிவிடுவீர்கள்.

ஆள் மேல் கை வைக்காதீர்கள். "ஏன் எழவில்லை" என்று கேட்கவும் கூடாது. காரணம் சொல்லும் கடமை அவருக்கு இல்லை, கேட்ட கேள்வியே நாளைக்குப் புகாரில் முதல் வரியாக வரும். முழங்கால் வலியா, கர்ப்பமா, மதமா, அரசியலா, பார்த்துத் தெரியாது.

வெளியேற்றலாம் என்பது எப்போது? எறிந்தால், அடித்தால், வழியை மறித்தால், கீதம் ஓடும்போது ஒலிபெருக்கியோ வுவுசேலா ஊதுகுழலோ வைத்துத் தொடர்ந்து குலைத்தால். கடைசியதற்கு முதலில் ஓர் எச்சரிக்கை. உட்கார்ந்தவரைத் தள்ளியவர் வெளியேற்றப்பட வேண்டியவர், அவர் கீதத்தைக் கண்ணீரோடு பாடிக்கொண்டிருந்தாலும். பழைய நிறவெறிக் காலக் கொடியை யாராவது விரித்தால் அது வேறு வகை. காரணமின்றி அதைக் காட்டுவது வெறுப்புப் பேச்சு என்று 2019இல் சமத்துவ நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுருட்டி வைக்கச் சொல்லுங்கள், மறுத்தால் கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோவில் சொல்லுங்கள்.

எது நடந்தாலும் குறிப்பேட்டில் நான்கு விவரம்: நேரம், வரிசை மற்றும் இருக்கை எண், என்ன செய்தார், என்ன சொன்னோம். "மரியாதை இல்லாமல் நடந்துகொண்டார்" என்று எழுதாதீர்கள், அது எதையும் சொல்லாது. "10.14, பி வரிசை 22, பின்னாலிருந்தவர் தோளில் தள்ளினார்" என்று எழுதுங்கள்.

சக்கர நாற்காலி மேடை எங்கே என்று இப்போதே போய்ப் பாருங்கள். முன்னால் உள்ளவர்கள் எழுந்ததும் அங்கிருந்து கொடியும் தெரியாது, அணிகளும் தெரியாது. முன்னிரண்டு வரிசையை விற்காமல் விடலாம், அல்லது நாற்காலிகளைக் கம்பி வேலி ஓரத்துக்குக் கொண்டுவரலாம்.

கர்ரீஸ்_பழசு (பதில் 6)

நான் எழுகிற ஆள். எல்லோரும் எழ வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனாலும் டிக்கெட்டில் எழுதாதே என்பதுதான் என் கட்சியும்.

நம் முந்திய தலைமுறை நிறவெறிக் காலத்தில் கிங்ஸ் பார்க் மைதானத்தில் கம்பி போட்டுப் பிரித்த பகுதியில் உட்கார்ந்து வெளிநாட்டு அணிக்குக் கைதட்டியவர்கள். அன்றைக்குத் தேசிய கீதமாக ஒலித்த டீ ஸ்டெம்முக்கு அவர்கள் எழாமல் இருந்ததை இன்றைக்கு வீரம் என்று மேடையில் பேசுகிறோம். கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆடிய, நிறவெறியை எதிர்த்த விளையாட்டு அமைப்பான சாக்கோஸ் காலத்து அணிகளின் மரபும் அதுதான், "இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இல்லை" என்று ஹசன் ஹோவா சொன்னதும் அதுதான். 1992 ஆகஸ்ட் 15 அன்று எல்லிஸ் பார்க்கில் நியூசிலாந்துடனான ரக்பி ஆட்டத்துக்கு முன் மௌனம் காக்கச் சொன்ன நேரத்தில் கூட்டம் டீ ஸ்டெம் பாடியது, பிறகு மைதான ஒலிபெருக்கியிலேயே போட்டார்கள். கூட்டம் சேர்ந்து கத்துவது எப்போதும் நாட்டுப்பற்று ஆகிவிடாது என்பதற்கு நம்மிடம் இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை. மூன்று வருடம் கழித்து அதே மைதானத்தில் ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மண்டேலா நம் அணியின் பச்சைச் சட்டை போட்டு நின்றபோது யாரையும் யாரும் எழச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கட்டாயம் என்றால் என்ன ஆகும் என்பதைக் கிரிக்கெட்டில் பார்த்தோம். 2021 டி20 உலகக் கோப்பையில், அதுவரை இனவெறி எதிர்ப்புக்காக முழங்காலிடலாம், கையை உயர்த்தலாம், நேராக நிற்கலாம் என்று விட்டிருந்த நம் கிரிக்கெட் வாரியம், வெஸ்ட் இண்டீஸ் ஆட்டத்தன்று எல்லோரும் முழங்காலிட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. நம் விக்கெட் கீப்பர் டி காக் அந்த ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டார். இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஆட்டத்தில் முழங்காலிட்டார். முழங்காலிடுவது எதற்காக என்பதை அந்த வாரம் யாருமே பேசவில்லை, உத்தரவு போட்டது சரியா என்பதையே பேசினார்கள். இத்தனைக்கும் அவர் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர். காசு கொடுத்து வரும் பார்வையாளரிடம் உங்கள் பிடி அதைவிடத் தளர்ந்தது.

ரீயூனியன் விருந்தினர் விஷயம் ஒன்று. பிரான்சில் 2003இல் ஒரு சட்டம் வந்தது, 2001இல் அல்ஜீரியாவோடு ஆடிய ஆட்டத்தில் மார்செயேஸுக்கு ஊளையிட்ட பிறகு. அரசு நடத்தும் அல்லது ஒழுங்குபடுத்தும் நிகழ்ச்சியில் கீதத்தைப் பகிரங்கமாக அவமதித்தால் 7,500 யூரோ அபராதம், கூட்டமாகச் செய்தால் ஆறு மாதச் சிறையும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு யாராவது "பிரெஞ்சுக்காரர் செய்யலாம், நாம் செய்யக் கூடாதா" என்று கமிட்டியில் கிளம்புவார். அந்தச் சட்டமும் ஊளையிடுவது போன்ற அவமதிப்பைத்தான் பிடிக்கிறது, இருக்கையில் சும்மா இருப்பதை அல்ல. அது டர்பன் வரை வரவும் வராது.

கமிட்டி_சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து மாற்றி எழுதினோம், இப்படி இருக்கிறது:

"தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றலும் மூன்று நாட்டுக் கீதங்களும் இடம்பெறும். எழுந்து நிற்குமாறு அன்புடன் அழைக்கிறோம். தகுந்த காரணத்துக்காக உட்கார்ந்திருப்பவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. விழாவையோ ஆட்டத்தையோ குலைப்பவர், பிறரைத் தாக்குபவர், மிரட்டுபவர் எச்சரிக்கைக்குப் பின் வெளியேற்றப்படலாம்."

நீலக்கொடி தம்பியின் கட்சிக்காரர்களும் இதற்குச் சம்மதித்துவிட்டார்கள். ஸ்பான்சருக்கு மட்டும் இன்னும் மனமில்லை.

சட்டப்புள்ளி

"தகுந்த காரணத்துக்காக" என்பதை எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு சொல்லால் காரணம் கேட்கும் வேலை மறுபடி ஸ்டூவர்டு கைக்குப் போய்விடுகிறது. "எச்சரிக்கைக்குப் பின்" என்பது குலைப்பவருக்கு மட்டும் இருக்கட்டும், அடித்தவரை எச்சரித்துவிட்டு இன்னோர் அடிக்காகக் காத்திருக்க முடியாது. இரண்டையும் தனித்தனி வாக்கியமாகப் பிரியுங்கள். விதிகள் ஆங்கிலத்திலும் சுலுவிலும் வேண்டும், எட்டுப் புள்ளி எழுத்துக்குக் குறையாமல்.

ஸ்பான்சரிடம் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். எழாதவரை வெளியேற்ற வேண்டும் என்று அவர் வற்புறுத்தினால், அதனால் வரும் வழக்குச் செலவைத் தாமே ஏற்பதாக எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

மைக்_மாமா

அழைப்பு வரியை நான் மைக்கில் சொல்லப்போவதோடு ஒரே மாதிரி வையுங்கள். டிக்கெட்டில் ஒன்று, ஸ்பீக்கரில் ஒன்று என்றால் பின்வரிசை அண்ணாச்சி எது கடுமையோ அதைப் பிடித்துக்கொள்வார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒலிச் சோதனை, மூன்று கீதமும் கடைசி வரை ஓடும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முந்தின நாளே ஒரு சீட்டு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஏழு மணிக்கு அவர்களும் எழ வேண்டியிருக்கும்.